வாய்க்காலுக்கு வடக்கு

உத்தமபாளையம் முன்சீப் கோர்ட்டில் நான் ஜூனியராக நின்ற காலத்தில் தேனி என்றொரு மாவட்டம் கிடையாது. மதுரை மாவட்டத்தின் மேற்கு ஓரம் நாங்கள். 1996இல் மாவட்டம் பிரிந்தது. லட்சுமிபுரத்தில் ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகம் எழுந்தது அதற்கும் பின்னால். ஹைகோர்ட் என்றால் சென்னைதான். கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு ராத்திரி பஸ் ஏற வேண்டும். 2004 ஜூலையில் மதுரைக் கிளை திறந்த பிறகே அந்த அலைச்சல் விட்டது.

செயற்கை நுண்ணறிவு வந்து வக்கீல் தொழிலைக் கெடுத்துவிட்டது என்று பார் அசோசியேஷன் அறையில் இப்போது தினமும் பேச்சு நடக்கிறது. பேசுகிறவர்களில் பாதிப் பேர் அதை ரகசியமாகப் பயன்படுத்துகிறவர்கள் என்பது வேறு விஷயம். எங்கள் பள்ளத்தாக்கில் வக்கீல் வேலையை இயந்திரம் செய்யத் தொடங்கியது செல்போனுக்கு வெகு முன்பே. கோர்ட்டுக்கு எதிரே இருந்த டைப்பிங் கடையில் அது தொடங்கியது.

அந்தக் கடைக்காரருக்குப் புரோநோட் வழக்கின் பிராது மனப்பாடம். "பேரு, தொகை, தேதி மட்டும் சொல்லுங்க தம்பி, மத்தது நான் பாத்துக்கிறேன்" என்பார். காகிதத்துக்கு நடுவே கார்பன் வைத்து, கால் மணி நேரத்தில் மூன்று நகல் வெளியே வரும். வக்கீல் யோசிக்காமலே ஒரு வழக்கு தயார். என் சீனியர் அதை வாங்கியவுடன் கையெழுத்துப் போட மாட்டார். கட்சிக்காரரை எதிரே உட்காரவைத்து முதல் வரியிலிருந்து வாசிப்பார். கூடலூர்க்காரர் ஒருவர் நடுவில் மறித்து, "அய்யா, நான் அவன் வீட்டுக்குப் போய்க் கேட்டேன்னு எழுதியிருக்கீங்க. நான் போகவே இல்லையே, சந்தையில வச்சுத்தான கேட்டேன்" என்றார். கடைக்காரரின் மனப்பாடத்தில் கடன் கேட்கிறவன் வீட்டுக்குத்தான் போவான். அந்த வரி அப்படியே போயிருந்தால் குறுக்கு விசாரணையில் அந்த மனிதர் பொய் சொன்னவர் ஆகியிருப்பார்.

அந்தக் கடையில் இன்னொரு சங்கடமும் உண்டு. வாதி தரப்பும் பிரதிவாதி தரப்பும் ஒரே கடையில் டைப் அடிப்பார்கள். எதிருரையில் நாம் என்ன சொல்லப் போகிறோம் என்பது பெஞ்சில் டீ குடித்துக்கொண்டு காத்திருக்கிற எதிர்க்கட்சிக் குமாஸ்தாவுக்குத் தெரிந்துவிடும். அதனால் சீனியர் முக்கியமான கட்டுகளைக் கடைக்கு அனுப்பவே மாட்டார்; ஆபீசிலேயே கையால் எழுதுவோம். கட்சிக்காரர் சொன்னதை வெளியே விடக் கூடாது என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 126ஆவது பிரிவில் இருந்தது. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தில் அது 132ஆவது பிரிவு.

கம்ப்யூட்டர் வந்ததும் கடைக்காரரின் மனப்பாடம் ஹார்ட் டிஸ்க்குக்குப் போனது. பழைய ஃபைலைத் திறந்து பெயரை மாற்றினால் புதிய மனு. விவாகரத்து மனு ஒன்றை எதிர்த்து ஆஜரானபோது அதைக் கண்ணால் கண்டேன். மனுப் போட்ட பெண்ணின் கணவர் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறவர். மனுவின் நான்காவது பத்தியில் 'எதிர்மனுதாரர் லாரி ஓட்டச் செல்லும் இடங்களில்' என்று தொடங்கி ஒரு பக்கம் குற்றச்சாட்டு. வேறு ஏதோ ஒரு குடும்பத்தின் கண்ணீர் இந்தக் குடும்பத்தின் மனுவுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. நீதிபதி படித்துவிட்டு, "யாரம்மா லாரி ஓட்டுகிறது?" என்று கேட்டார். சிரிப்பு எழுந்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. மனுவின் அடியில், மேலே கண்டவை உண்மை என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டிருந்தவர் அவர்தான்.

நிலத்தில் நடந்த மாற்றம் இதைவிடப் பெரிது. வில்லங்கம் பார்ப்பது என்றால் முன்பெல்லாம் சார்பதிவாளர் ஆபீசில் மனுப் போட்டு, அவர்கள் அட்டவணைப் புத்தகங்களைப் புரட்டி எழுதித் தருவதற்குக் காத்திருப்பது. இப்போது பதிவுத் துறை இணையதளத்தில் சர்வே நம்பரைத் தட்டினால் வந்துவிடுகிறது. பட்டா, சிட்டா, அ-பதிவேடும் அப்படியே. வங்கிக் கடனுக்குச் சட்டக் கருத்து எழுதுகிற எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய வரம். அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை.

ஆனால் அந்தத் திரை எதைக் காட்டாது என்று தெரிந்திருக்க வேண்டும். இணையத்தில் கிடைப்பது பெரும்பாலும் 1975க்குப் பிந்தைய பதிவுகள். அண்ணன் தம்பி உட்கார்ந்து பேசிப் பிரித்துக்கொண்ட வாய்மொழிப் பாகம் அதில் வராது. பதிவு செய்யாத உயில் வராது. சர்வே நம்பர் உட்பிரிவாகியிருந்தால், புதிய நம்பரைப் போட்டுத் தேடும்போது பழைய நம்பரில் நடந்த விற்பனை கண்ணில் படாமல் போகும். 1980களில் நடந்த யு.டி.ஆர். நிலப் பதிவேட்டுத் திருத்தத்தில் பெயர் மாறிப்போன பட்டாக்கள் எங்கள் பக்கம் ஏராளம். அந்தத் தவறு காகிதத்தில் இருந்தவரை ஊர்க்காரர்கள் 'அது சும்மா எழுதிவச்சது' என்பார்கள். கம்ப்யூட்டரில் ஏறிய பிறகு அதுவே சாட்சியம் ஆகிவிட்டது.

ஒரு ஜூனியர் தம்பி, பிரிண்ட் எடுத்த வில்லங்கச் சான்றை மட்டும் வைத்து, சொத்தில் வில்லங்கம் எதுவும் இல்லை என்று கருத்து எழுதி எடுத்துவந்தார். மூலப் பத்திரம் எங்கே என்றேன். "சைட்ல நில்னு வந்திருச்சு சார்" என்றார். பத்திரத்தை வரவழைத்துப் பார்த்தால், பின் பக்கத்தில் தங்கைக்குச் சீதனமாகக் கால் பங்கு ஒதுக்கியதாகப் பென்சிலில் ஒரு குறிப்பு. பென்சில் குறிப்புக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு என்பது வேறு கேள்வி. அந்தத் தங்கையைப் போய்ப் பார்த்துக் கேட்காமல் கருத்து எழுத முடியாது என்பதற்கு அது போதும்.

வங்கிக்குக் கருத்து எழுதிய ஒரு வழக்கறிஞரைக் கடன் மோசடியில் சேர்த்து சி.பி.ஐ. போட்ட வழக்கு 2012இல் உச்ச நீதிமன்றம்வரை போனது. சி.பி.ஐ. எதிர் நாராயண ராவ் என்பது வழக்கு. மோசடித் திட்டத்தில் அவருக்குப் பங்கு இருந்ததற்கு ஆதாரம் இல்லாமல், கருத்து தவறு என்பதற்காக மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது என்று நீதிமன்றம் சி.பி.ஐ.யின் அப்பீலைத் தள்ளியது. அந்தத் தீர்ப்பை எங்கள் ஆட்கள் கேடயமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். படு அலட்சியமும் தொழில் ஒழுக்கக் கேடும் நிரூபணமானால் வழக்கறிஞர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று அதே தீர்ப்பு சொல்வதை வாசிப்பதில்லை.

விபத்து வழக்குகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்பம்மெட்டு, போடிமெட்டு மலைப்பாதைகளில் ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் ஜீப் கவிழ்ந்தது என்ற செய்தி எங்களுக்குப் புதிதல்ல. இழப்பீட்டைக் கணக்கிட இப்போது செல்போன் செயலிகள் இருக்கின்றன. 2009ஆம் ஆண்டு சரளா வர்மா தீர்ப்பின் பெருக்கு எண், 2017இல் பிரணய் சேத்தி தீர்ப்பு சேர்க்கச் சொன்ன வருங்கால வருமான விகிதம், எல்லாம் உள்ளே இருக்கிறது. வயது 38, நாலு பேர் சார்ந்திருக்கிறார்கள் என்று தட்டினால் பெருக்கு எண் 15, வருங்கால உயர்வு 40 சதவீதம், சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழிவு என்று நொடியில் போட்டுத் தருகிறது. கணக்கில் பிழை வராது.

பிழை இருப்பது முதல் கட்டத்தில். மாத வருமானம் எவ்வளவு? சம்பளச் சீட்டு இல்லாத கூலிப் பெண்ணுக்கு 6,000 ரூபாய் என்று ஜூனியர் போட்டிருந்தார். செயலி 11,34,000 ரூபாய் என்றது. மலைக்கு மேலே போய் எஸ்டேட்டின் சம்பளப் பதிவேட்டைப் பார்க்கச் சொன்னேன். கங்காணி அம்மாவையும் பார்த்துப் பேசச் சொன்னேன். நாள் கூலியும் வேலை நாட்களும் சேர்த்து மாதம் 12,000 என்று சாட்சியத்தோடு நிறுத்த முடிந்தது. அதே செயலியில் அதே கணக்கு 22,68,000 ரூபாய். வித்தியாசம் அந்தப் பெண்ணின் பிள்ளைகளுக்கு ஒரு வீடு. செயலியைத் தட்டுவதற்கு வக்கீல் தேவையில்லை. குமுளி ஏறி இறங்குவதற்குத் தேவை.

2020இல் நோய்த்தொற்றோடு காணொலி விசாரணை வந்தது. பிறகு இ-ஃபைலிங். நெட் இல்லாத ஊரில், ஸ்கேனர் இல்லாத ஆபீசில் அதைக் கட்டாயமாக்கியதை எதிர்த்து வழக்கறிஞர்கள் நடத்திய போராட்டங்களில் நியாயம் உண்டு. ஆனால் நாங்கள் வாய் திறக்காத ஒரு விஷயம் இருக்கிறது. பல பேர் தங்கள் ஐடியையும் பாஸ்வேர்டையும் பிரவுசிங் சென்டர் பையனிடம் கொடுத்துவிட்டார்கள். கோர்ட் வராந்தாவில் நின்றால் கேட்கலாம்: "தம்பி, ஓடிபி வந்திருச்சு, எழுதிக்கோ, நாலு, ஒன்பது, ஒன்பது..." வக்கீலின் பெயரில், வக்கீலின் கையெழுத்தோடு ஒரு மனு நீதிமன்றத்துக்குள் போகிறது. கடைசியாக அதைப் பார்த்தவர் வக்கீல் இல்லை. பக்கம் மாறியிருக்கிறதா, வேறு கட்சிக்காரரின் ஆதார் நகல் கூடவே போயிருக்கிறதா, யார் பார்த்தது? பழைய டைப்பிங் கடையின் பெஞ்சு இப்போது இணையத்தில் போட்டிருக்கிறது.

அடுத்து வந்ததுதான் எல்லாரும் பேசுகிற விஷயம். நியூயார்க்கில் ஏவியாங்கா விமான நிறுவனத்தின்மேல் ஒரு பயணி போட்ட வழக்கில் அவருடைய வக்கீல்கள் இல்லாத தீர்ப்புகளைக் காட்டி மாட்டிக்கொண்டார்கள். 2023 ஜூனில் நீதிபதி கேஸ்டல் 5,000 டாலர் அபராதம் போட்டார். சாட்ஜிபிடி கற்பனை செய்து கொடுத்த தீர்ப்புகளில் ஒன்றின் பெயர் 'வர்கீஸ் எதிர் சைனா சதர்ன் ஏர்லைன்ஸ்'. குமுளிக்கு அந்தப் பக்கம் தெருவுக்கு நாலு வர்கீஸ் இருக்கிறார்கள். இந்தப் பெயரைப் பார்த்து நமக்கே சந்தேகம் வராது. அந்த வக்கீல், இந்த வழக்கு நிஜமா என்று அந்த இயந்திரத்தையே திரும்பக் கேட்டார். நிஜம்தான் என்று அது சொன்னது. பொய்ச்சாட்சியிடமே போய், நீ சொன்னது உண்மையா என்று கேட்டால் வேறென்ன சொல்வான்? அபராதம் விதித்த நீதிபதி, நம்பகமான கருவியின் உதவியை நாடுவதே தவறு என்று சொல்லவில்லை. சரிபார்க்காமல் தாக்கல் செய்ததும், கேள்வி எழுந்த பிறகும் பிடிவாதம் பிடித்ததும்தான் குற்றம் என்றார்.

அது அமெரிக்கா என்று ஒதுக்க முடியாது. 2024 டிசம்பரில் பெங்களூரு வருமான வரித் தீர்ப்பாயம் ஒரு உத்தரவில் உச்ச நீதிமன்றத்தின் பெயரிலும் நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் பெயரிலும் இல்லாத தீர்ப்புகளைச் சுட்டிவிட்டு, பிறகு அந்த உத்தரவையே திரும்பப் பெற்றது. 2025 மார்ச்சில் பெங்களூரு சிவில் நீதிபதி ஒருவர் இல்லாத உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை வைத்து உத்தரவு போட்டதைக் கர்நாடக உயர் நீதிமன்றம் கண்டித்து, நடவடிக்கைக்கு உத்தரவிட்டது. வக்கீல் ஏமாந்தால் நீதிபதி பிடிப்பார் என்ற தெம்பும் போய்விட்டது.

நான் தொழில் கற்ற காலத்தில் இந்த மாதிரிப் பொய்க்கு வழியே இல்லை. ஒழுக்கம் அதிகம் இருந்ததால் என்று சொல்ல மாட்டேன். புத்தகம் கையில் இருக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். எங்கள் பக்கம் மெட்ராஸ் லா ஜர்னலும் லா வீக்லியும் சில ஆபீஸ்களில் இருக்கும். ஏ.ஐ.ஆர். வேண்டுமென்றால் மதுரை. புத்தகத்தைத் தூக்கிவந்து, பக்கத்தில் சீட்டு வைத்து, நீதிபதியிடம் நீட்ட வேண்டும். எதிர்த்தரப்புக்கு ஜெராக்ஸ் தர வேண்டும். தலைக்குறிப்பை மட்டும் படித்துவிட்டு எழுந்து நின்றால் சீனியர் கோட்டைப் பிடித்து இழுத்து உட்காரவைப்பார். "ஹெட்நோட் எழுதுனவன் ஜட்ஜ் இல்லப்பா" என்பார். இன்று வரும் சுருக்கங்களுக்கு எழுதியவன்கூட இல்லை.

ஒரு பாதை வழக்கில் எதிர்த்தரப்பு இளம் வழக்கறிஞர் மூன்று தீர்ப்புகளை எழுத்து வாதத்தில் காட்டியிருந்தார். இரண்டு தெரிந்தவை. மூன்றாவது அவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைபோல அப்படிப் பொருந்தியது. வண்டிப்பாதை, ஓடைப் புறம்போக்கு, இருபது வருட அனுபோகம், எல்லாம் எங்கள் வழக்கிலிருந்தே எடுத்ததுபோல இருந்தது. அதுவே சந்தேகத்தைக் கிளப்பியது. நிஜத் தீர்ப்பு எதுவும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தாது. எங்காவது இடிக்கும், இடிக்கிற இடத்தை விளக்கத்தான் வக்கீல் எழுந்து நிற்கிறார். "தம்பி, இதோட முழு நகல் கொடுங்க" என்று கேட்டேன். மறு வாய்தாவில் அந்தத் தீர்ப்பை நம்பவில்லை என்று சொல்லி விலக்கிக்கொண்டார். நீதிபதியிடம் நான் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் வராந்தாவில் அவரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். திரியுகி நாராயண் மிஸ்ரா என்பவரின் புகாரில், சத்தா என்ற வழக்கறிஞர்மேல் 2001இல் உச்ச நீதிமன்றம் எழுதிய தீர்ப்பைப் படிக்கச் சொன்னேன். நீதிமன்றத்தை வழிதவற விடாமல் இருக்கும் கடமை கட்சிக்காரருக்கு ஆற்றும் கடமைக்குக் கீழே இல்லை என்பதை அது விரிவாகப் பேசுகிறது.

இன்றைய பிள்ளைகளுக்கு ஒரு சாக்கும் இல்லை என்பதுதான் என் ஆதங்கம். 2023 ஜனவரியிலிருந்து உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்.சி.ஆர். தளத்தில் தீர்ப்புகள் காசில்லாமல் கிடைக்கின்றன. நாங்கள் மதுரைக்குப் பஸ் ஏறியதை அவர்கள் டீ ஆறுவதற்குள் செய்துவிடலாம்.

முல்லைப் பெரியாறு அணை விஷயத்தில் நடந்தது வேடிக்கை. விவசாயிகள் சங்கத்துக்காரர்கள் சிலர் ஒரு மனு தயாரிக்க வந்திருந்தார்கள். ஜூனியர், இயந்திரத்திடம் கேட்டு எடுத்த குறிப்பை வாசித்தார். 2014 தீர்ப்பு அணையில் 152 அடி தேக்க அனுமதித்தது என்று அதில் இருந்தது. துண்டை உதறிப் போட்டுக்கொண்டு ஒரு பெரியவர் எழுந்தார். "யாரப்பா சொன்னது? 142 தான். 2006லயும் 142 தான். பலப்படுத்தி முடிச்ச பிறகுதான் 152. அதுக்குள்ள கேரளாக்காரன் 136ன்னு சட்டம் போட்டான். அந்தச் சட்டம் செல்லாதுன்னுதான் அஞ்சு ஜட்ஜு சொன்னாங்க." அவர் சொன்னது எல்லாம் சரி. அந்த இரண்டு தீர்ப்புகளின் தேதி 2006 பிப்ரவரி 27, 2014 மே 7. சட்டக் கல்லூரி வாசலைப் பார்க்காதவர். ஆனால் அந்தத் தண்ணீரில் இரு போகம் நட்டவர்.

இனி தலைப்பில் இருக்கும் நான்கெல்லை. நம் பத்திரங்களில் சொத்து விவரம் எப்படி எழுதியிருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். 'வாய்க்காலுக்கு வடக்கு, வண்டிப்பாதைக்குத் தெற்கு' என்று இருக்கும். அதாவது நிலம் வாய்க்காலுக்கு வடபுறம் கிடக்கிறது. வாய்க்கால் நிலத்தின் தென்னெல்லை. சின்னமனூர்ப் பக்கத்து நஞ்சை ஒன்றின் வழக்கு இரண்டாவது அப்பீலாக மதுரைக் கிளைக்குப் போனது. கீழ்க்கோர்ட் ஆவணங்கள் தமிழில் இருக்கும். அங்கே ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். என் ஆபீசில் ஒரு ஜூனியர் அதை இயந்திரத்தில் போட்டு எடுத்தார். வந்த ஆங்கிலம் எங்கள் யாருடைய ஆங்கிலத்தையும் விட நன்றாக இருந்தது. சொத்து விவரத்தை அழகாக அட்டவணை போட்டிருந்தது: வடக்கே வாய்க்கால், தெற்கே வண்டிப்பாதை, கிழக்கும் மேற்கும் அதே மாதிரி. நாலு எல்லையும் தலைகீழ்.

வழக்கே அந்த வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் உரிமை பற்றியது. அட்டவணைப்படி பார்த்தால் எங்கள் கட்சிக்காரரின் நிலத்துக்குத் தென்புற மடையே இருக்க முடியாது. யாரும் கவனிக்காமல் தீர்ப்பாகி, நிறைவேற்று மனுவில் அமீனா டிகிரியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனால் சொத்தைக் கண்டுபிடிக்கவே முடியாது. பிராதில் சொத்தை அடையாளம் காணும்படி விவரிக்க வேண்டும் என்று சிவில் நடைமுறைச் சட்டம் ஏழாவது ஆர்டரில் சொல்லிவைத்திருப்பது இதற்காகத்தான். பத்திரத்தை ஒரு கையிலும் அட்டவணையை ஒரு கையிலும் வைத்துப் பார்த்தபோது தெரிந்தது. ஆங்கிலத்தை மட்டும் படித்தால் தெரிந்திருக்கவே தெரியாது.

பழைய குமாஸ்தாவும் தப்புச் செய்வார். ஆனால் அவர் எங்கே தப்புவார் என்று நமக்குத் தெரியும்: வெள்ளிக்கிழமை மாலை, நீளமான எண்கள், அவசரக் கேவியட். அவர் தெரியாத இடத்தில் தடுமாறுவார், அந்தத் தடுமாற்றம் காகிதத்தில் தெரியும். இந்த இயந்திரம் தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே குரலில் சொல்கிறது. திக்குவது இல்லை. மோசமான வேலை பார்க்க மோசமாக இருந்த காலம் போய்விட்டது.

ரகசியத்துக்கு வருகிறேன். ஒரு போக்சோ வழக்கில் குழந்தையின் வாக்குமூலத்தை ஒரு இளம் வழக்கறிஞர் இலவசச் செயலியில் ஏற்றிச் சுருக்கம் கேட்பதைப் பார்த்தேன். பெயர், பள்ளி, தெரு, எல்லாம் உள்ளே. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆவது பிரிவில் குற்றம். செயலியில் ஏற்றுவது வெளியிடுவது ஆகுமா என்று வாதிடலாம். அந்த வாதத்தை அந்தக் குழந்தையின் தாயிடம் போய்ச் சொல்லிப்பாருங்கள். தேனி மாதிரி ஊரில் தெரு பெயர் ஒன்று போதும், குடும்பம் எது என்று தெரிந்துவிடும். என் ஆபீசில் இதற்கு விதி எளிது: பெண், குழந்தை, ஜாமீன், குடும்பச் சண்டை, இந்தக் கட்டுகள் எந்த வெளிச் செயலிக்குள்ளும் போகாது. மற்றவற்றில் பெயர், சர்வே நம்பர், தொலைபேசி எண்ணை எடுத்துவிட்டுத்தான்.

மலைக்கு அந்தப் பக்கம் இதைப் பற்றி எழுதியே வைத்துவிட்டார்கள். கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் தன் மாவட்ட நீதிமன்றங்களுக்கு ஒரு கொள்கை வெளியிட்டது. தீர்ப்பு, உத்தரவு, நிவாரணம் எதையும் முடிவு செய்ய செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது. அங்கீகரித்த கருவிகள் மட்டும். மொழிபெயர்ப்பை மொழிபெயர்ப்பாளரோ நீதிபதியோ சரிபார்க்க வேண்டும். எப்போது எதற்குப் பயன்படுத்தினோம் என்று பதிவு வைக்க வேண்டும். இடுக்கியில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் எங்கள் கட்சிக்காரர்களுக்காகக் கட்டப்பனைக்கும் பீர்மேட்டுக்கும் போய்வருகிற எனக்கு அது நெருக்கமான செய்தி. அந்தக் கொள்கை கட்டுப்படுத்துவது நீதிபதிகளையும் ஊழியர்களையும். வக்கீலை அது கட்டாது. வக்கீலைக் கட்டுவது 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டமும் பார் கவுன்சிலின் நடத்தை விதிகளும்தான். வக்கீல் கட்சிக்காரரின் ஊதுகுழலாக இல்லாமல் தன் அறிவைப் பயன்படுத்த வேண்டும் என்று அந்த விதிகளில் இருக்கிறது. கட்சிக்காரருக்கே ஊதுகுழல் ஆகக் கூடாதவர் செயலிக்கு எப்படி ஆகலாம்?

பதிவு வைக்கும் யோசனை எனக்குப் பிடித்துப்போனது. ஆபீசில் ஒரு நீளமான நோட்டுப் போட்டிருக்கிறோம். தேதி, கேஸ் நம்பர், எந்த வேலைக்கு, மூலத்தோடு ஒப்பிட்டவர் யார், கையெழுத்து. ஜூனியர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். அந்த நான்காவது கட்டத்தில் தன் பெயரை எழுத வேண்டும் என்று வந்த பிறகு, பாதி வேலையை அவர்களே கையால் செய்யத் தொடங்கினார்கள்.

ஃபீஸ் பற்றி யாரும் பேசுவதில்லை. நோட்டீஸ் வரைவை இயந்திரம் இரண்டு நிமிடத்தில் தருகிறது. பழைய ஃபீஸை வாங்கலாமா? 2024 ஜூலையில் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம், மணிக்கணக்கில் ஃபீஸ் வாங்குகிறவர் செலவழித்த நேரத்துக்கு மட்டுமே வாங்கலாம் என்று கருத்து வெளியிட்டது. எங்கள் ஊரில் மணிக்கணக்கு கிடையாது. வழக்குக்கு இவ்வளவு என்று பேசி, பாதி பணமாகவும் பாதி அறுவடைக்குப் பிறகும் வரும். ஜெயிக்கிற தொகையில் பங்கு கேட்பதை பார் கவுன்சில் விதி தடுக்கிறது, விபத்து வழக்குகளில் நடப்பது ஊருக்கே தெரியும். என் முடிவு இது: வரைவுக்குத் தனியாக ஃபீஸ் வாங்குவதை நிறுத்திவிட்டேன். வாசித்துச் சரிபார்ப்பதற்கும் ஆஜராவதற்கும் வாங்குகிறேன். சக வழக்கறிஞர்கள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ள வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை.

கடைசியாகக் கட்சிக்காரர்களுக்கு. பிராதின் அடியில் வக்கீல் மட்டும் கையெழுத்துப் போடுவதில்லை. மேலே கண்டவை உண்மை என்று நீங்களும் போடுகிறீர்கள். கூண்டில் ஏறி அதற்குப் பதில் சொல்லப் போவது நீங்கள். அதனால் பேனாவை எடுக்கும் முன், ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். சொத்து விவரம் வரும்போது கண்ணை மூடி உங்கள் வரப்பில் நின்று கேளுங்கள். நேரமில்லை என்று வக்கீல் சொன்னால், மறுநாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கட்டோடு எழுந்து வாருங்கள்.